பழைய ரோபோவுக்குப் புதுப் பிறவி!

மூத்தவனுக்குத் தைத்த சட்டை இளையவனுக்கு. மூத்தவள் படித்த புத்தகம் இளையவளுக்கு. மூன்று சக்கர சைக்கிளும் பள்ளிக்கூடப் பையும்கூட இப்படித்தான் நம் வீடுகளில் கை மாறுகின்றன. சிக்கனம் தெரிந்த குடும்பத்தில் இது சகஜந்தான். ஆனால் கடைசியாகப் பிறந்த குழந்தையின் மனசைக் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். "எனக்கென்று ஒன்றுகூடக் கிடையாதா?" என்ற ஏக்கம் அதன் அடியில் எங்கேயாவது ஒளிந்துகொண்டிருக்கும்.

பொம்மை விஷயத்தில் இந்த ஏக்கம் இன்னும் அதிகம். அண்ணன் ஆடி ஓய்ந்து தள்ளிவிட்ட யந்திர மனிதனைத் தம்பியிடம் கொடுக்கிறோம். மார்பில் ஒட்டிய படம் பாதி உரிந்திருக்கிறது. முகத்தில் பூசிய வெள்ளி வர்ணம் மூக்கு நுனியில் தேய்ந்து போயிருக்கிறது. வெள்ளையாக இருந்த கால்கள் பழுத்த இலை மாதிரி மஞ்சளாகிவிட்டன. தம்பி அதை வாங்கிக்கொள்வான். வாங்கிக்கொண்டு அலமாரியின் அடித்தட்டில் போட்டுவிடுவான்!

அந்த ரோபோவைக் குப்பைக்காரரிடம் போடுவதற்கு முன் ஒரு நிமிஷம் பொறுங்கள். ஒரு சின்னப் பிரஷ், மூன்று புட்டி வர்ணம், இரண்டு விடுமுறை நாள் இருந்தால் போதும். அவனுக்குப் புதுப் பிறவி கொடுத்துவிடலாம். தம்பிக்கும் "இது என்னுடையது" என்று சொல்லிக்கொள்ள ஒன்று கிடைத்துவிடும். நிறத்தை மாற்றினால் ஆளே மாறிவிடுவானா என்று கேட்கிறீர்களா? பொம்மைக் கம்பெனிகளே அதைத்தானே செய்து வந்திருக்கின்றன!

ஒரே அச்சு, மூன்று ஆசாமிகள்

ஆண் குழந்தைகள் 'பொம்மை' என்று சொன்னால் வாங்கமாட்டார்கள் என்று பயந்து, அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ கம்பெனி 1964-ல் தன் போர்வீரப் பொம்மைக்கு 'ஆக்ஷன் ஃபிகர்' என்று ஒரு கம்பீரமான பெயரைச் சூட்டியது. பெயரை மாற்றினால் சரக்கு விலை போகும் என்ற ரகசியத்தை அந்தக் கம்பெனி அப்போதே தெரிந்துகொண்டுவிட்டது.

இருபது வருஷம் கழித்து அதே கம்பெனி இன்னும் பெரிய வித்தை ஒன்று செய்தது. ஜப்பானில் டக்காரா என்ற கம்பெனி 'டயக்ளோன்' என்ற வரிசையில், காராகவும் மாறும் யந்திர மனிதனாகவும் மாறும் பொம்மைகளைச் செய்து வந்தது. அவற்றுக்கு உயிர் கிடையாது; உள்ளே விரல் நுனி அளவுள்ள ஒரு குட்டி மனிதன் உட்கார்ந்து ஓட்டுவதாகக் கற்பனை. இந்தப் பொம்மைகளையும் டக்காராவின் இன்னொரு வரிசையையும் சேர்த்து வாங்கி, 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' என்ற பெயரில் ஹாஸ்ப்ரோ 1984-ல் அமெரிக்கக் கடைகளில் வைத்தது. குட்டி மனிதனை எடுத்துவிட்டார்கள். ரோபோவே உயிருள்ளவன், அவனுக்கே பெயர் உண்டு, குணம் உண்டு என்று கதை கட்டினார்கள். பெரும்பாலான பெயர்களையும் குணங்களையும் எழுதிக் கொடுத்தவர், மார்வெல் சித்திரக் கதைக் கம்பெனியைச் சேர்ந்த பாப் புடியான்ஸ்கி என்பவர்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? ஆட்கள் அதிகம், அச்சுகள் குறைவு. நிஸ்ஸான் கம்பெனியின் ஃபேர்லேடி காராக மாறும் ஒரே ஓர் அச்சு. அதைக் கறுப்பும் வெள்ளையுமாகப் போலீஸ் கார் ஆக்கினார்கள். அவன் பெயர் ப்ரௌல், கண்டிப்பும் தர்க்கமும் நிறைந்தவன். அதையே வெள்ளி நிறத்தில் வார்த்தார்கள். அவன் ப்ளூஸ்ட்ரீக், வாய் ஓயாமல் பேசுகிறவன், பேச்சுக்கு அடியில் யுத்த பயத்தை மறைத்து வைத்திருப்பவன். 1985-ல் சிவப்பும் நீலமும் தீட்டிப் பந்தயக் கார் ஆக்கினார்கள். அவன் ஸ்மோக்ஸ்கிரீன், எதிரியைத் திசை திருப்புவதில் சமர்த்தன். முகத்தில் சிறு மாறுதல்கூட இல்லை. குழந்தைகளோ மூவரையும் மூன்று தனி மனிதர்களாகவே நேசித்தார்கள்.

எதிரிப் பட்டாளத்திலும் இதே கதைதான். எஃப்-15 போர் விமானமாக மாறும் ஒரே அச்சில் மூன்று பேர். சாம்பல் நிறத்தில் சிவப்பும் நீலமும் கலந்தவன் ஸ்டார்ஸ்கிரீம். தலைவனைக் கவிழ்க்க எப்போதும் சதி செய்கிறவன். நீல நிறத்தவன் தண்டர்கிராக்கர்; தங்கள் கட்சி நியாயமானதுதானா என்று உள்ளூர சந்தேகப்படுகிறவன். கறுப்பும் ஊதாவுமாக இருப்பவன் ஸ்கைவார்ப். சக வீரர்களிடமே குறும்பு செய்யும் விஷமக்காரன்.

தலைவர்களையும் விட்டுவைக்கவில்லை. சிவப்பும் நீலமுமான ஆப்டிமஸ் பிரைம் என்ற லாரித் தலைவனைப் பல வீடுகளில் தெரியும். 1986-ல் வந்த அல்ட்ரா மாக்னஸின் பெரிய கவசத்தைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே நிற்பவன் யார்? அதே ஆப்டிமஸ் பிரைமின் அச்சு; நிறம் மட்டும் வெள்ளை!

கம்பெனிக்காரர்கள் செய்தால் அது வியாபாரம். அதையே ஒரு பையனோ பெண்ணோ வீட்டு மேஜையில் உட்கார்ந்து செய்தால் அதற்கு 'கஸ்டம்' என்று பெயர். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் குழந்தைகள் மட்டுமல்ல, பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபட்டிருக்கிறார்கள்.

முந்நூறு யென் பாடம்

ரோபோவுக்கு வர்ணம் தீட்டுவதைக் குடிசைத் தொழில் மாதிரி பரப்பியவர்கள் ஜப்பானியர்கள். 1979-ல் 'கண்டம்' என்ற ரோபோத் தொடர் அங்கே டெலிவிஷனில் வந்தது. பார்ப்பவர்கள் போதவில்லை என்று நினைத்த அளவுக்கு முன்னாலேயே முடித்துவிட்டார்கள். தொடர் முடிந்த பிறகு, 1980 ஜூலையில், பந்தாய் கம்பெனி அந்த ரோபோவைத் துண்டு துண்டான பிளாஸ்டிக் பாகங்களாக ஒரு பெட்டியில் போட்டு 300 யென்னுக்கு விற்றது. கதையில் 18 மீட்டர் உயரம் இருப்பவன், 144-ல் ஒரு பங்காகச் சுருங்கி, 12 சென்டிமீட்டர் சொச்சத்தில் நின்றான்.

பெட்டியில் இருந்த பாகங்கள் பெரும்பாலும் ஒரே நிறம். பெட்டியின் மேல் இருந்த படத்தைப் போல வெள்ளை, நீலம், சிவப்பு, மஞ்சள் எல்லாம் வேண்டுமென்றால் வாங்கினவனே தீட்டிக்கொள்ள வேண்டியதுதான்! இந்தக் குறையே ஒரு தலைமுறைக்குப் பாடசாலையாகிவிட்டது. பிரஷ் பிடிக்கத் தெரியாத பையன்கள் பிடித்தார்கள். திட்டுத் திட்டாகப் பூசினார்கள். அடுத்த பெட்டியில் கொஞ்சம் நன்றாகப் பூசினார்கள். 1990-ல் நான்கு நிறப் பாகங்களுடன் வர்ணமே தீட்ட வேண்டாத பெட்டிகள் வந்த பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. வேலையில் ருசி கண்டுவிட்டவர்களுக்கு வசதி எதற்கு?

முதலில் ஆளைத் தேர்ந்தெடுங்கள்

இனி நம் வீட்டு ரோபோவுக்கு வருவோம். எல்லா ரோபோவும் பிரஷுக்கு உகந்ததல்ல. அட்டைப் பெட்டியோடு, ஒரு பாகமும் குறையாமல், பழைய 1980-களின் பொம்மை ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் அதைத் தொடாதீர்கள். அவற்றைச் சேகரிப்பவர்கள் தொழிற்சாலை வர்ணத்துக்குத்தான் விலை கொடுக்கிறார்கள். அதன் மேல் வேறு வர்ணம் ஏறினால் விலை இறங்கிவிடும். திரும்பப் பழையபடி ஆக்கவும் முடியாது. கால் உடைந்தது, துப்பாக்கி தொலைந்தது, சந்தையில் மலிவாகக் கிடைத்தது ஆகியவைதான் நமக்கு ஏற்ற ஆசாமிகள்.

அடுத்தபடி பிளாஸ்டிக்கைப் பாருங்கள். நகத்தால் அழுத்தினால் அழுந்தாத கெட்டிப் பிளாஸ்டிக் வர்ணத்தை நன்றாக ஏற்கும். ரப்பர் போல வளைகிற மெத்துப் பிளாஸ்டிக் அப்படியல்ல. அதை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் மெல்ல மெல்ல வெளியே கசியும். அதனால் எனாமலும் சிலவகை ஸ்ப்ரே வர்ணங்களும் அதன் மேல் மாதக் கணக்கில் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வர்ணமே அதற்குச் சிலாக்கியம். கண்ணாடி போல மின்னும் குரோம் பாகங்களில் வர்ணம் சரியாகப் பிடிக்காது. அவற்றை அப்படியே விட்டுவிடுவது உசிதம்.

குளியல் முதலில், அலங்காரம் பிறகு

திருப்புளியால் கழற்றக் கூடிய இடங்களை மட்டும் கழற்றுங்கள். ஆணி அடித்து இறுக்கிய மூட்டுகளைப் புதிதாகக் கற்பவர்கள் தொட வேண்டாம். கழற்றும்போது ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். டெலிபோனிலேயே படம் எடுக்கிற காலம்தானே இது? திருகாணிகளையும் சின்ன ஸ்பிரிங்குகளையும் ஒரு கிண்ணத்தில் போட்டு மூடி வையுங்கள். ஸ்பிரிங் ஒன்று துள்ளி அலமாரிக்கு அடியில் போனால், அன்றைய வேலை அத்துடன் சரி!

பிறகு பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் விட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் இடுக்குகளைத் தேய்த்துக் கழுவுங்கள். கை எண்ணெயும், அச்சிலிருந்து வார்க்கும்போது ஒட்டிய வழவழப்பும் போனால்தான் வர்ணம் பிடிக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு, கடையில் 600 நம்பர் உப்புத்தாள் கேட்டு வாங்கி, தண்ணீரில் நனைத்து லேசாகத் தேயுங்கள். பளபளப்பு மங்கினால் போதும். நனைத்துத் தேய்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உலர்ந்த தூள் பறந்து மூக்குக்குள் போகக் கூடாது.

உடைந்த கொம்பு, காணாமற்போன விரல் இவற்றையும் ஈடு செய்யலாம். குழாய் ஒழுகும்போது பிளம்பர் இரண்டு உருண்டைகளைச் சேர்த்துப் பிசைந்து அடைக்கிறாரே, அந்த எபாக்ஸிப் பசைதான். கையுறை போட்டுக்கொண்டு பிசைந்து உருவம் பிடித்து, ஒரு நாள் காயவிட்டு, உப்புத்தாளால் செதுக்கினால் கல் மாதிரி நிற்கும். இதைப் பெரியவர்கள் செய்து கொடுப்பதுதான் நல்லது.

உடல், கரை, முந்தி

என்ன நிறம் பூசுவது? இந்தக் கேள்வியில்தான் முக்கால்வாசிப் பேர் திண்டாடுகிறார்கள். இருக்கிற வர்ணத்தையெல்லாம் பூசினால் ரோபோ திருவிழாக் கடை மாதிரி ஆகிவிடும். புடைவை எடுத்துப் பழகிய உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம், முந்தியில் கண்ணைப் பறிக்க ஒரு நிறம். அவ்வளவுதான். மார்பும் தொடையும் தோளும் உடல் நிறம். முழங்காலும் முன்னங்கையும் கரை நிறம். கண், நெற்றிக் கொம்பு, மார்புச் சின்னம் ஆகிய சின்னஞ்சிறு இடங்களில் மட்டும் மூன்றாவது நிறம். மேலே சொன்ன ப்ரௌலையும் ஸ்கைவார்ப்பையும் பாருங்கள். இரண்டு நிறத்திலேயே ஆளின் குணம் தெரிந்துவிடுகிறது.

ஆனால் ஒன்று. நிறத்தை முடிவு செய்ய வேண்டியது நீங்கள் அல்ல, குழந்தை. ஊதாவுக்குப் பக்கத்தில் பச்சை என்று சொன்னாலும் சரி, போர்வீரனுக்கு ரோஜா நிறம் என்று சொன்னாலும் சரி, தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பாருங்கள்.

பிரஷ் பிடிக்கும் நேரம்

கொலுவுக்கு முன் நிறம் மங்கிய பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டிப் பழகிய கை என்றால் பாதி வித்தை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதி இதோ.

முதலில் பிரைமர் என்ற அடிப்பூச்சு. சாம்பல் நிறத்திலோ வெள்ளையிலோ கிடைக்கும். வர்ணத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே நின்று இரண்டையும் பிடித்துக்கொள்வது இதுதான். மஞ்சளும் சிவப்பும் அடியில் உள்ளதை மறைக்கும் சக்தி இல்லாதவை. கறுப்புப் பிளாஸ்டிக்கின் மேல் நேராக மஞ்சள் பூசினால் பாசி பிடித்த மாதிரி இருக்கும். அடியில் வெள்ளை பூசிவிட்டால் எலுமிச்சம்பழம் மாதிரி பளிச்சென்று எடுக்கும்.

வர்ணத்தைப் பால் பதத்துக்குத் தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். ஒரே தடவையில் கெட்டியாக அப்பக் கூடாது. மெல்லிசாக ஒரு பூச்சு. காய்ந்த பிறகு இன்னொன்று. அதுவும் காய்ந்த பிறகு மூன்றாவது. முதல் பூச்சு பார்க்கச் சகிக்காது. "கெட்டுப் போச்சு!" என்று குழந்தை உதட்டைப் பிதுக்கும். "இன்னும் இரண்டு கோட் இருக்கிறது, பார்" என்று சொல்லி வையுங்கள். மழை நாளில் ஸ்ப்ரே அடித்தால் ஈரக்காற்றுப் பட்டு வெண்புகை படிந்தாற்போல் ஆகிவிடுவது உண்டு. வெயில் நாளாகப் பாருங்கள்.

மாறும் ரோபோவுக்கு ஒரு தனி ஜாக்கிரதை வேண்டும். காராக மடக்கும்போது எந்தப் பாகம் எதோடு உரசுகிறது என்பதை முன்னதாகவே பார்த்து, அந்த இடத்தை உப்புத்தாளால் ஒரு மயிரிழை குறைத்துக்கொள்ளுங்கள். வர்ணத்துக்கும் கனம் உண்டு அல்லவா? மூட்டின் உட்புறத்தில் வர்ணம் பூசவே வேண்டாம். பூசினால் கை இறுகிப் போகும், அல்லது உரசி உதிரும். எனாமல் தின்னர் மூட்டுகளில் வழிந்து இறங்கினால் அழுத்தத்தில் இருக்கும் கெட்டிப் பிளாஸ்டிக் விரிந்து உடைந்து போவதும் உண்டு.

நிறம் எல்லாம் காய்ந்த பிறகு ஒரு சின்ன மாயம் செய்யுங்கள். கறுப்பு வர்ணத்தை ரசம் மாதிரி நீர்க்கக் கரைத்து, உடம்பிலுள்ள கோடுகளிலும் பள்ளங்களிலும் ஓடவிட்டு, மேலே வழிந்ததைத் துணியால் துடைத்துவிடுங்கள். கண்ணுக்கு மை தீட்டினாற்போல் ஒவ்வொரு பாகமும் எடுப்பாகத் தெரியும். கடைசியில் பளபளப்பில்லாத வார்னிஷ் ஒரு பூச்சு. ஒரு நாள் முழுவதும் தொடாமல் காயவிடுங்கள். குழந்தையை அந்த ஒரு நாள் பொறுமையாக வைத்திருப்பதுதான் இந்தக் கலையில் எல்லாவற்றையும்விடக் கஷ்டம்!

விஷம் வேண்டாம்!

இந்தப் பகுதியை மட்டும் தயவு செய்து இரண்டு தடவை படியுங்கள்.

கதவுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடித்து மிஞ்சிய பழைய எனாமல் டப்பா பரண்மேல் இருக்கும். "இதுவே போதுமே" என்று எடுத்துவிடாதீர்கள். நிறம் பளிச்சென்று தெரியவும் சீக்கிரம் காயவும் பழைய வர்ணங்களில் ஈயம் கலப்பது வழக்கமாக இருந்தது. ஈயம் குழந்தையின் மூளையைப் பாதிக்கும் விஷம். அமெரிக்காவில் வீட்டு உபயோக வர்ணங்களில் அதை 1978-லேயே தடுத்தார்கள். அப்படியும் 2007-ல் ஈய வர்ணம் பூசிய பொம்மைகள் லட்சக் கணக்கில் அங்கே கடைகளுக்கு வந்து, திரும்பப் பெறப்பட்டன. நம் நாட்டில் வீட்டு வர்ணங்களில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் பிறப்பிக்கப்பட்டு, 2017 நவம்பர் முதல் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய டப்பாவில் என்ன இருக்கிறது என்று யார் கண்டார்கள்? குழந்தைகளுக்கென்றே விற்கும், விஷமற்றது என்று அச்சிட்ட, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வர்ணத்தையே வாங்குங்கள். அதிகமாகப் போனால் ஒரு சினிமா டிக்கெட் செலவு.

ஸ்ப்ரே டப்பாவும் தின்னரும் மொட்டை மாடிக்கோ திறந்த முற்றத்துக்கோ உரியவை. அடுப்பெரியும் சமையலறைக்கு அல்ல. அவற்றின் ஆவி தலை சுற்ற வைக்கும், நெருப்பும் பற்றிக்கொள்ளும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் கிட்டே இருக்க வேண்டாம். இன்னொரு விஷயம்: பொம்மையை வாயில் வைத்துச் சுவைக்கும் பருவத்துக் குழந்தை வீட்டில் இருந்தால், நீங்கள் வர்ணம் பூசிய ரோபோ அதன் கைக்கு எட்டாத உயரத்தில்தான் வசிக்க வேண்டும். எவ்வளவு நல்ல வர்ணமானாலும் அதற்கு விலக்கு இல்லை.

பெயர் சூட்டு விழா

வர்ணம் காய்ந்தது. பாகங்களைப் பூட்டியாயிற்று. கிண்ணத்தில் ஒரு திருகாணிகூட மிச்சமில்லை. வேலை முடிந்துவிட்டதா? இல்லை. பெயர் வைக்க வேண்டாமா?

1984-ல் வந்த அந்த ரோபோக்களின் பெட்டியின் பின்புறத்தில் ஒவ்வொருவனுக்கும் ஒரு ஜாதகம் மாதிரி அச்சிட்டிருந்தார்கள். பலம், புத்தி, வேகம், தைரியம் முதலிய எட்டு அம்சங்களுக்கு ஒன்றிலிருந்து பத்துவரை மதிப்பெண். கூடவே வந்த சிவப்புத் தாளை வைத்துப் பார்த்தால்தான் அது கண்ணுக்குப் புலப்படும். அந்த மதிப்பெண்களைவிட அழகானது, கீழே எழுதியிருந்த சின்னக் குறிப்புத்தான். ஒவ்வொருவனின் சாமர்த்தியத்தோடு அவனுடைய குறையையும் அதிலே சொல்லியிருந்தார்கள். ஒரே அச்சில் வார்த்த மூவரைக் குழந்தைகள் மூன்று ஆட்களாக ஏற்றுக்கொண்டதற்கு நிறம் பாதிக் காரணம் என்றால், இந்தக் குறிப்பு மீதிப் பாதி.

அதே போல உங்கள் குழந்தையிடம் ஓர் அஞ்சலட்டை அளவு காகிதத்தைக் கொடுங்கள். புது ரோபோவின் பெயர் என்ன? அவன் எதில் கெட்டிக்காரன்? எதற்குப் பயப்படுவான்? எழுதச் சொல்லுங்கள். எழுத்துப் பிழையைத் திருத்த வேண்டாம். வர்ணம் கோட்டைத் தாண்டியிருந்தால் அதையும் நீங்கள் சரி செய்ய வேண்டாம். ராத்திரி குழந்தை தூங்கின பிறகு பிரஷை எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள்! நீங்கள் சரி செய்தால் அது மறுபடியும் இன்னொருவருடைய பொம்மையாகிவிடும்.

அந்தக் காகிதத்தில் எழுதியிருப்பதைச் சாவகாசமாகப் படித்துப் பாருங்கள். 'இவன் ரொம்ப தைரியசாலி. ஆனால் இருட்டென்றால் பயம்' என்று எழுதியிருக்கலாம். 'எல்லோருக்கும் உதவி செய்வான். இவனைத்தான் யாரும் விளையாட்டில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்' என்று எழுதியிருக்கலாம். நேரில் கேட்டால் வாயே திறக்காத குழந்தை, ரோபோவின் பெயரால் எத்தனையோ சொல்லிவிடும். மூன்று புட்டி வர்ணத்துக்கு இதைவிடப் பெரிய லாபம் வேறு என்ன வேண்டும்?